கஸீக் முதல் ராஃபியா வரை

1982ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் நடந்த ஸ்கிராபிள் ஆட்டம் ஒன்றில் கார்ல் கோஷ்னா என்பவர் ஒரே சொல்லுக்கு 392 மதிப்பெண் பெற்றார். பல ஆட்டக்காரர்கள் ஒரு முழு ஆட்டத்தில் எடுக்கும் மதிப்பெண் அது. அவர் பலகையில் அடுக்கிய சொல் 'கஸீக்ஸ்'. ஸ்பானியர் வந்திறங்கிய காலத்தில் கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் தலைவனுக்கு 'கஸீக்' என்று பெயர். அந்தச் சொல் ஸ்பானிய மொழியில் புகுந்து, அதன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அகராதியின் ஒரு மூலையில் யாரும் சீண்டாமல் கிடந்தது. கோஷ்னாவின் கணக்கை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். சொல்லின் எட்டு எழுத்துகளுக்கும் உரிய இயல்பு மதிப்பைக் கூட்டினால் 28. எழுத்தின் மதிப்பை இரட்டிக்கும் கட்டத்தில் க்யூ விழுந்ததால் 38. சொல்லின் முதலும் முடிவும் மும்மடங்குக் கட்டங்களில் அமைந்ததால் ஒன்பது மடங்காகி 342. கையிலிருந்த ஏழு காய்களையும் ஒருசேர இறக்கியதற்கான பரிசு 50. ஆக 392. இந்தக் கணக்கில் தைனோ மக்களுக்கும் அவர்களுடைய தலைவனுக்கும் அவர்களுக்கு நேர்ந்த அழிவுக்கும் இடமே இல்லை. இருபத்தாறு எழுத்துகளில் மிக அரிதான இரண்டும் ஒரே சொல்லில் அமைந்தன என்பது மட்டுமே அங்கே பொருட்படுத்தத்தக்கது.

தமிழ் எழுத்தில் 'கஸீக்ஸ்' என்று எழுதியவுடன் இந்த வியப்பு மறைந்துவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். க்யூவும் இல்லை, இசட்டும் இல்லை. 'க்' என்னும் புள்ளி எழுத்தும் ஒரு கிரந்த எழுத்துமே எஞ்சுகின்றன. ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் நெடுங்காலத்துக்கு முன்பே மணவிலக்குப் பெற்றுவிட்டன. ஆகவேதான் குறிப்பிட்ட எழுத்துகளைக் கொண்ட நீண்ட சொல்லைத் தேடுவது அம்மொழியில் முழுக்க முழுக்கக் கண்ணின் தொழிலாக இருக்கிறது. காதுக்கு அதில் வேலையில்லை.

இத்தேடலுக்கு ஒரு பலகையையும் நூறு காய்களையும் அமைத்துக் கொடுத்தவர் ஆல்ஃபிரெட் பட்ஸ். நியூயார்க் பகுதியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தவர். ஓய்வு மிகுந்து வருமானம் குறைந்த அந்நாட்களில் அவர் செய்தித்தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கமும் அந்தக் கணக்கில் உண்டு. ஈ என்ற எழுத்துக்குப் பன்னிரண்டு காய்களும், க்யூவுக்கும் இசட்டுக்கும் ஒவ்வொரு காயும் என்ற பங்கீடு அவ்வகை எண்ணிக்கையிலிருந்து பிறந்தது. எஸ் என்ற எழுத்துக்கு மட்டும் நான்கே காய்கள் கொடுத்தார். கண்ட சொல்லையெல்லாம் பன்மையாக்கி எளிதில் மதிப்பெண் பெறுவதைத் தடுக்கவே அந்தக் கஞ்சத்தனம் என்பர். 1948இல் ஜேம்ஸ் ப்ரூனோ என்பவர் அவ்விளையாட்டுக்கு ஸ்கிராபிள் என்று பெயரிட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வேலையில்லாத ஒருவர் தமது நாட்டின் செய்தித்தாளை ஒரு வரிகூடப் பொருள்படப் படிக்காமல் எழுத்தெழுத்தாக எண்ணிய அந்த மாதங்களைப் பற்றி இன்னும் விரிவாக யாரேனும் எழுதியிருக்கலாம்.

நீண்ட சொற்களைத் தேடுவதற்குத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பயன்படுத்தும் முறைகள் மொழி கற்பிக்கும் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. அவற்றுள் முதன்மையானது, கையிலிருக்கும் எழுத்துகளை அகரவரிசைப்படி அடுக்கி அந்த அடுக்கையே ஒரு பெயராக மனத்தில் பதித்துக்கொள்வது. ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற ஏழும் வரிசையாக நின்றால், பயிற்சி பெற்ற மனத்தில் உடனே ஒரு கதவு திறக்கிறது. உள்ளே 'ரிட்டெய்ன்ஸ்' நிற்கிறது, தக்கவைத்துக்கொள்கிறது என்ற பொருளில். 'ரெட்டினாஸ்' நிற்கிறது, விழித்திரைகள். 'நாஸ்டியர்', இன்னும் மோசமான. 'ஸ்டெய்னர்', கறையேற்றுபவர். 'ஸ்டியரின்', மெழுகுவத்தி செய்ய உதவும் கொழுப்புப் பொருள். 'ரெட்சினா', பிசின் மணம் கொண்ட கிரேக்க மது. விழித்திரையையும் மதுவையும் மெழுகுவத்தியையும் ஒரே அறையில் அடைத்துவைக்கும் இந்த உறவு வேறெந்த அறிவுத்துறைக்கும் புலப்படாதது. வேர்ச்சொல் ஆய்வாளர் இவற்றை ஒன்றாகப் பார்க்கமாட்டார். அகராதித் தொகுப்பாளரும் பார்க்கமாட்டார். எழுத்தின் கண்ணுக்கு மட்டும் இவை உடன்பிறப்புகள்.

இரண்டாவது முறை, வால்களைப் பற்றிக்கொண்டு உடலைத் தேடுவது. வினையெச்ச விகுதியாகவும் தொழிற்பெயர் விகுதியாகவும் வரும் 'இங்', பண்புப்பெயராக்கும் 'நெஸ்', இயலுமைப் பொருள் தரும் 'ஏபிள்' ஆகியவை கையில் தட்டுப்பட்டால் அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு எஞ்சிய எழுத்துகளில் முதனிலை ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது பகுபத உறுப்பிலக்கணத்தைத் தலைகீழாகச் செய்வது போன்றது. நன்னூல் படித்தவர் சொல்லைக் கண்டு பகுதி, விகுதி பிரிப்பார். இவர்கள் விகுதியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லை வருவித்துக்கொள்வார்கள்.

இன்று இந்த உழைப்பு எதுவும் தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. 1973 முதல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் இருந்துவரும் 'கிரெப்' என்ற சிறு கட்டளை, ஒரு சொற்கோப்பிலிருந்து வேண்டிய எழுத்துகள் கொண்ட சொற்களை நொடியில் பொறுக்கித் தரும். கைபேசிச் செயலிகளும் அதையே செய்கின்றன. ஆனால் பந்தயத்தில் கைபேசிக்கு இடமில்லை. அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அப்போது நினைவிலிருந்து எழும் சொல்லுக்குத்தான் மதிப்பு.

பலகையோ எதிராளியோ இல்லாமல், இத்தேடலைத் தனிமையில் செய்தவர்களின் மரபு ஒன்றும் உண்டு. 1965இல் வெளிவந்த 'லேங்குவேஜ் ஆன் வெக்கேஷன்' என்ற நூலின் ஆசிரியர் டிமிட்ரி போர்க்மன் அம்மரபின் மூலவர். எந்த எழுத்தும் இருமுறை வராத மிக நீண்ட சொல் எது என்பது போன்ற கேள்விகளில் அவர்கள் வாழ்நாளைச் செலவிட்டார்கள். அக்கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு, இரண்டுக்கும் பதினைந்து எழுத்து. ஒன்று 'அன்காப்பிரைட்டபிள்', பதிப்புரிமை கோர இயலாதது. மற்றொன்று 'டெர்மட்டோகிளிஃபிக்ஸ்', விரல்ரேகை முதலிய தோல்வரிகளைப் பற்றிய ஆய்வு. இச்சொல்லை ஹெரால்ட் கம்மின்ஸ் 1926இல் உருவாக்கினார். அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1897இல், கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் தொடங்கப்பட்டுவிட்டது. அங்கே ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுத்ததில் பெரும்பங்கு அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்திய அலுவலர்களுக்கு உரியது. முறைக்கு வழங்கும் பெயரோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர். ஓர் எழுத்தும் மீண்டும் வராத சொல், ஒருவருடையது மற்றொருவருக்கு அமையாத ரேகையைக் குறிக்க நேர்ந்தது தற்செயல்தான். எனினும் இனிய தற்செயல்.

மிக நீண்ட சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை நீளத்துக்காகவே செய்யப்பட்டவை. நுரையீரல் நோய் ஒன்றின் பெயராக அகராதியில் நிற்கும் 45 எழுத்துச் சொல், 1935இல் அமெரிக்கப் புதிராளர் சங்கத்தின் தலைவர் விளையாட்டாக உண்டாக்கியது. மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. 'ஃப்ளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன்' என்பது 29 எழுத்து. ஒன்றை மதிப்பற்றதெனத் தள்ளுவது என்று அதற்குப் பொருள். 2018இல் சசி தரூர் தமது நூல் ஒன்றை அறிமுகப்படுத்தும்போது அதைப் பயன்படுத்த, நாட்டில் பலர் அகராதியைத் திறந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அச்சொல்லில் ஐ என்ற எழுத்து ஒன்பது முறை வருவதையும், ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் ஈ ஒருமுறைகூட வராததையும் கண்டார்களோ தெரியாது.

அந்த ஈ என்ற எழுத்தின் இன்மையைக் கொண்டே முழு நாவல் எழுதியவர் ஜார்ஜ் பெரெக். 1969இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த 'லா டிஸ்பாரிஸ்யோன்' நாவலில் ஒரு முறையும் அவ்வெழுத்து வரவில்லை. அதை ஆங்கிலத்தில் பெயர்த்த கில்பர்ட் அடேரும் அதே விரதத்தைக் காத்தார். ஒவ்வொரு வரியிலும் அவர் செய்தது, வேண்டாத எழுத்தைத் தவிர்த்த சொல்லைத் தேடும் இதே தொழில்தான். இது வெறும் வித்தை என்று ஒதுக்குபவர்கள் பெரெக்கின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். அவருடைய தந்தை 1940இல் போர்முனையில் இறந்தார். தாய் 1943இல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டார், திரும்பவில்லை. பிரெஞ்சில் அந்த எழுத்தின் பெயரும், 'அவர்கள்' என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி உடையவை. எழுத்து இல்லாத நாவல், அவர்கள் இல்லாத நாவலாகவும் ஆகிறது.

இந்திய வாசகருக்கு இது புதிய செய்தி அன்று. காஞ்சியில் வாழ்ந்த தண்டி தமது 'தசகுமார சரிதம்' நூலின் ஏழாம் பகுதியில், காதலியின் பற்பட்டு உதடு புண்ணான மந்திரகுப்தனைக் கதை சொல்லவைக்கிறார். உதடு ஒட்டினால் வலிக்கும். ஆகவே ப, ம முதலிய இதழொலிகள் ஒன்றுகூட இல்லாமல் அவன் தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கிறான். தமிழில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் முதலியோர் பாடிய நிரோட்டகங்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. இங்கே விலக்கப்பட்டது ஒலி, அங்கே எழுத்து. ஆனால் இரு இடத்திலும் விலக்குக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. தண்டியினுடையது சிருங்காரக் காயம், பெரெக்கினுடையது ஆறாத காயம்.

பொருளை முற்றிலும் நீக்கிவிட்டு எழுத்தை மட்டும் ஒருவர் அறிந்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு 2015இல் ஒரு விடை கிடைத்தது. நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. ஒன்பது வாரங்களில் சொற்பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுப் பெல்ஜியத்துக்குப் போனார் என்று அப்போது செய்திகள் வந்தன. 2024இல் ஸ்பானிய மொழிப் போட்டியையும் அவ்வாறே வென்றார். அதற்கு முன்பே, 2003இல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத தாய்லாந்து இளைஞர் பானுபோல் சுஜ்ஜயகோர்ன் ஆங்கிலப் போட்டியின் உலக வாகையர் ஆனார்.

இந்த வெற்றிகளை மொழியறிவுக்கு இழைத்த அவமதிப்பாகக் கருதுவோர் உண்டு. இந்தியக் கல்லூரி வகுப்பறைகளை அறிந்தவர்களுக்கு வேறு விதமாகவும் தோன்றக்கூடும். இந்நாட்டில் ஆங்கிலம் ஒருவரைச் சிறுமைப்படுத்துவது பெரும்பாலும் எழுத்தால் அன்று, ஒலியால். அரசுப் பள்ளியிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவி கருத்தரங்கில் ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்துவிட்டால், பின்வரிசையில் எழும் மெல்லிய சிரிப்பு அவளை ஓராண்டு காலம் ஊமையாக்கிவிடும். அவள் அச்சொல்லை நூல்களில் நூறு முறை படித்திருப்பாள், பொருளறிந்து தன் ஆய்வேட்டில் எழுதியுமிருப்பாள். வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். எழுத்துக்காய்களின் பலகையில் அந்தச் சிரிப்புக்கு வழியில்லை. 'கஸீக்' என்பதை எப்படிச் சொல்வது என்று கோஷ்னாவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உச்சரிப்பையும் குடும்பப் பின்னணியையும் கணக்கில் கொள்ளாத ஆங்கிலம் ஒன்று உலகில் இருக்குமானால் அது இந்தப் பதினைந்துக்குப் பதினைந்து கட்டங்களுக்குள்தான் இருக்கிறது.

அதே 2015இல் ஆங்கிலப் போட்டியின் உலக வாகையர் ஆனவர் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகேரே. அப்பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்கர். நைஜீரிய அணியினரின் உத்தியைப் பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. நீண்ட சொல் கைக்குள் இருந்தாலும், நல்ல எழுத்துகளை அடுத்த முறைக்குச் சேமிக்கவும் எதிராளிக்கு இடம் விடாதிருக்கவும் ஐந்தெழுத்துச் சொல்லை வைப்பது அவர்கள் வழக்கம். நீளமே வலிமை என்ற எண்ணத்தை இது அசைத்துப் பார்த்தது. ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும் நம்மவர் சிலரும் இதைக் கவனிக்கலாம்.

ஆனால் பொருளற்ற எழுத்து என்ற நிலை கடைசிவரை நிலைப்பதில்லை. க்யூ என்ற எழுத்து கையில் இருந்து, யூ இல்லாமற்போனால் என்ன செய்வது என்பது ஒவ்வொரு ஆட்டக்காரரும் முதலில் கற்கும் பாடம். அதற்கென ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 'ஃபகீர்', 'புர்கா', 'நிகாப்', 'கவ்வாலி' ஆகியவை உண்டு. அரபியின் 'காஃப்' என்னும் ஆழ்ந்த மிடற்றொலியை ஆங்கிலத்தில் எழுத க்யூவைத் தனியே பயன்படுத்தியதால் இச்சொற்கள் அவ்வாறு அமைந்தன. இவற்றுட் சில இந்தியத் தெருக்களிலும் தர்காக்களிலும் அன்றாடம் வழங்குபவை. அப்பட்டியலில் 'தலாக்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லும் இருக்கிறது. பலகையில் அது, பத்து மதிப்புள்ள தொல்லைபிடித்த எழுத்தைக் கைகழுவ உதவும் நல்ல சொல். இந்நாட்டிலோ 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளிக்கும்வரை, அது ஒரே மூச்சில் மூன்று முறை சொல்லப்பட்டு எத்தனையோ பெண்களை வீட்டைவிட்டு வெளியேற்றிய சொல். அதன்பின் 2019இல் சட்டம் வந்தது. காயை வைப்பவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தெரிந்தவர் அதை வைக்கும்போது ஒரு கணம் தயங்கினால் அதுவும் இயல்பே.

அந்தத் தயக்கம் அமைப்பளவில் வெடித்தது இரண்டு முறை. 1990களில் அமெரிக்காவில் இழிசொற்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமென்ற கோரிக்கை எழுந்து, வீட்டில் ஆடுவோருக்குத் தூய்மைப்படுத்திய அகராதியும், பந்தயக்காரர்களுக்கு முழுப்பட்டியலும் என்ற சமரசத்தில் முடிந்தது. 2021இல் வட அமெரிக்காவுக்கு வெளியே ஸ்கிராபிளின் உரிமையைக் கொண்டுள்ள மாட்டெல் நிறுவனம் ஏறத்தாழ 400 சொற்களை நீக்கியது. பந்தயக்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். பலகையில் சொற்களுக்குப் பொருளில்லை, அவை எழுத்துக் கூட்டங்கள் மட்டுமே என்பது அவர்கள் வாதம். நேர்மையான வாதந்தான், அவர்களுடைய மனம் உண்மையிலேயே அப்படித்தான் இயங்குகிறது. ஆனால் அந்தச் சொல்லால் அழைக்கப்பட்ட ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால், அவருடைய மனமும் அப்படியே இயங்க வேண்டும் என்று அவரிடம் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதற்கு அவ்வாதத்தில் விடையில்லை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் எழுத்துத் தேடலில் நல்ல அறுவடை தருபவை. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகி ஒன்பது எழுத்துகளுள் நான்கு ஏ கொண்டு, வேறு உயிரெழுத்தே இல்லாமல் நிற்கிறது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆகிப் பன்னிரண்டு எழுத்தாக நீண்டது. தமிழ் மூலம் கொண்டது என்று அகராதிகள் கூறும் 'பச்சூலி' என்ற நறுமணச் செடியின் பெயரில் ஒன்பது எழுத்தும் வெவ்வேறு. இவற்றோடு பதினேழாம் நூற்றாண்டில் போன இன்னொரு சொல் 'பரையா'. பறை என்ற தோற்கருவியோடு இணைத்து வழங்கப்பட்ட ஒரு மக்கள் குழுவின் பெயர், ஐரோப்பியர் எழுத்தில் ஏறி, அகராதியில் 'விலக்கப்பட்டவன்' என்ற பொதுப்பொருள் பெற்றது. இன்று உலக அரசியல் எழுதுவோர் ஏதேனும் ஒரு நாட்டை விலக்கிவைக்கச் சொல்லும்போது தயக்கமின்றி அதை எடுக்கிறார்கள். தெருநாய்க்கும் அதை அடையாகப் போட்டார்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டியல் சாதியினர் ஒருவரைப் பலர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது இந்தியாவில் தண்டனைக்குரிய குற்றம். ஆங்கிலத் தலையங்கத்தில் அதே பெயர் அணியாக வருகிறது.

அச்சொல்லின் பன்மைக்கு ஏழு எழுத்துகள். அவற்றை அகரவரிசையில் அடுக்கிப் பார்க்கும் ஆட்டக்காரருக்கு அதே அடுக்கிலிருந்து வேறொரு சொல்லும் கிடைக்கிறது. 'ராஃபியாஸ்'. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வளரும் பனை வகை. அதன் ஓலையிலிருந்து உரிக்கும் நாரைத் தோட்டக்காரர்கள் செடி கட்டவும் கைவினைஞர்கள் கூடை முடையவும் பயன்படுத்துகிறார்கள். ஒரு மக்களின் பெயருக்கும் ஒரு பனையின் பெயருக்கும் எழுத்துகள் ஒன்றே. இரண்டுக்கும் மதிப்பெண் 12, ஏழு காய்களும் கையிலிருந்தே இறங்கினால் மேலும் 50. எதை வைப்பது என்பதைப் பெரும்பாலும் பலகையில் எந்த எழுத்தை ஒட்டி இடம் காலியாக இருக்கிறது என்பதே முடிவுசெய்கிறது.